பைத்தான் மொழிப் பராமரிப்பு: காரைக்குடிக் கடைக் கணக்கிலிருந்து ஒரு மதிப்புரை

காரைக்குடியில் பலகாரக் கடை நடத்தும் ஆச்சி ஒருவருக்கு விற்பனைக் கணக்கு நிரல் ஒன்றை எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆவணி முகூர்த்தங்கள் முடிந்தபின் அதில் மாதத் தொகுப்பை எடுத்தபோது, மனகோலம் என்னும் பலகாரம் இரண்டு வரிகளில் நின்றது. ஒரு வரியில் 41 கிலோ, இன்னொரு வரியில் 17 கிலோ. எழுத்தில் இம்மியளவு வேறுபாடும் கண்ணுக்குத் தெரியவில்லை. “செஞ்சது ஒரே மனகோலம்தானே தம்பி, கணக்குல மட்டும் எப்படி ரெண்டா நிக்குது?” என்று ஆச்சி கேட்டார்கள். உடனே சொல்ல என்னிடம் விடை இல்லை. நிரல் பைத்தான் மொழியில் எழுதப்பட்டது. குறை அந்த மொழியிலேயே இருக்கிறது என்று முடிவுகட்டி, அதன் பராமரிப்பாளர்களுக்குப் பிழை அறிக்கை எழுத அன்றிரவே உட்கார்ந்தேன்.

அந்த அறிக்கையை நான் அனுப்பவில்லை. அனுப்புமுன் இதே குறை ஏற்கெனவே பதிவாகியிருக்கிறதா என்று தேடிப் பார்க்கும்படி அவர்களுடைய ஆவணம் கேட்டுக்கொள்கிறது. அப்படித் தேடிப் படித்த இரண்டு மணி நேரத்தில், பிழை என்று நான் எண்ணியது பிழை அன்று என்று தெரிந்தது. ‘கோ’ என்னும் எழுத்தை, எழுத்துகளுக்குக் கணினியில் குறியீட்டு எண் தரும் பொதுத் தரமான யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்தோடு ஓகாரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்ப்பது ஒரு விதம். இரட்டைச் சுழிக் கொம்பும் துணைக்காலும் தனித்தனிக் குறியீடுகளாக ககரத்தைப் பின்தொடர்வது மற்றொரு விதம். முதல் விதத்தில் மனகோலம் ஏழு குறியீடுகள், இரண்டாவதில் எட்டு. ஆச்சியின் கைபேசியில் அடித்த சொல் ஏழாகவும், கடையில் இருக்கும் பழைய கணினியில் அடித்த சொல் எட்டாகவும் வந்து விழுந்திருந்தன. பைத்தான் இரண்டையும் குறியீடு குறியீடாக ஒப்பிட்டு, வேறு வேறு என்றது. இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் கருவி மொழியோடு கூடவே வருகிறது என்பதையும், ஒப்பிடுமுன் அதைப் பயன்படுத்த வேண்டும் என்பதையும் பைத்தானின் யூனிகோட் வழிகாட்டி தெளிவாகவே சொல்கிறது.

இதில் என்னை யோசிக்க வைத்த செய்தி ஒன்று உண்டு. நிரலில் மதிப்புகளை வைக்க நாம் சூட்டும் பெயர்களை, அதாவது மாறிகளின் பெயர்களை, பைத்தான் தானாகவே ஒரே வடிவத்துக்கு மாற்றிக்கொள்கிறது. தமிழ் உள்ளிட்ட பிற எழுத்துகளில் பெயர் சூட்டலாம் என்ற பெப் 3131 என்னும் முன்மொழிவு 2008இல் வந்த 3.0 பதிப்பிலிருந்து நடைமுறையில் உள்ளது. அதன்படி ‘விலை’ என்றோ ‘மனகோலம்’ என்றோ மாறிக்குப் பெயர் வைக்கலாம், எந்த விசைப்பலகையில் அடித்தாலும் அது ஒன்றாகவே கொள்ளப்படும். பெயர்களுக்கு இந்தச் சலுகையைக் கொடுத்தவர்கள், நாம் சேமிக்கும் தரவுக்கு மட்டும் ஏன் கொடுக்கவில்லை? என் புரிதலில் காரணம் இதுதான். பெயர் மொழிக்குச் சொந்தம், தரவு நமக்குச் சொந்தம். கடவுச்சொல்லிலோ கோப்பின் பெயரிலோ மொழி நம்மைக் கேளாமல் ஒரு குறியீட்டை மாற்றிவிட்டால், அந்தச் சேதத்தைக் கண்டுபிடிப்பது மனகோலத்தைக் கண்டுபிடித்ததைவிடப் பன்மடங்கு கடினம்.

இந்த மதிப்புரை பைத்தானின் வேகத்தையோ வசதியையோ பற்றியது அன்று. ஒரு நிரல்மொழியை நம்பிப் பத்தாண்டுகளாகக் கடைக்காரர்களின் கணக்கை எழுதுகிறவன் என்ற முறையில், அந்த மொழியைப் பராமரிக்கிறவர்கள் குறைகளையும் மாற்ற யோசனைகளையும் எப்படி எடைபோடுகிறார்கள் என்பதை மட்டுமே இங்கே மதிப்பிடுகிறேன். நாம் காசு கொடுக்காமல் பெறும் சேவை இது என்றாலும், ஆச்சியின் வருமானக் கணக்கு இதன்மேல்தான் நிற்கிறது.

பிழை அறிக்கைகள் 2022 ஏப்ரல் முதல் கிட்ஹப் தளத்தில் பதிவாகின்றன. அறிக்கை வந்ததும் அது உண்மையான பிழையா, புதிய வசதிக்கான கோரிக்கையா, ஆவணத்தில் உள்ள குறையா என்று வகை பிரிக்கிறார்கள். பிழையை நேரில் காட்டும் மிகச் சிறிய நிரலைக் கேட்கிறார்கள். எந்தப் பதிப்பில், எந்த இயங்குதளத்தில் என்று கேட்கிறார்கள். ஆயிரம் வரி நிரலை அப்படியே ஒட்டிவிட்டு ‘வேலை செய்யவில்லை’ என்று எழுதுகிறவரைவிட, ஐந்து வரியில் குறையைக் காட்டுகிறவருக்கு விரைவில் பதில் கிடைப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பிழை என்று உறுதியானால் அடுத்து வரப்போகும் பதிப்பில் திருத்திவிட்டு, பராமரிப்பில் உள்ள பழைய பதிப்புகளுக்கும் அந்தத் திருத்தத்தைக் கொண்டுபோகிறார்கள். புதிய வசதியோ அடுத்த பதிப்பில் மட்டுமே சேரும். ஆண்டுதோறும் அக்டோபரில் ஒரு பதிப்பு, ஒவ்வொரு பதிப்புக்கும் ஐந்தாண்டு ஆயுள், அதில் பிற்பகுதி பாதுகாப்புத் திருத்தங்களுக்கு மட்டும் என்று கால அட்டவணை முன்கூட்டியே தெரிவதால், எந்தக் கடைக்கு எப்போது புதுப்பிப்பது என்று என்னால் திட்டமிட முடிகிறது.

பிழை அன்று என்று மறுக்கும்போது அவர்கள் அதை எப்படிச் செய்கிறார்கள் என்பதே நான் மிகவும் மதிப்பது. 352 ரூபாய் 50 காசை முழு ரூபாயாக்கச் சொன்னால் பைத்தானின் ரவுண்ட் கட்டளை 352 என்கிறது. 353 ரூபாய் 50 காசுக்கு 354 என்கிறது. சரிபாதியில் நிற்கும் எண்ணை அருகிலுள்ள இரட்டைப்படை எண்ணுக்குக் கொண்டுபோவது என்ற விதியை 3.0 பதிப்பிலிருந்து பின்பற்றுகிறார்கள். பெருந்தொகையான எண்களைக் கூட்டும்போது மேல்நோக்கியே சாயும் பிழை இதனால் சேராது. ஆனால் ஐம்பது காசை ஒரு ரூபாயாக்குவதுதான் நம் கடைகளின் வழக்கம். ஜிஎஸ்டி சட்டத்தின் 170ஆம் பிரிவும் வரித்தொகையை அப்படியே முழுமையாக்கச் சொல்கிறது. மொழியின் விதியும் கடையின் விதியும் மோதும் இந்த இடத்தில், பணக் கணக்குக்கு டெசிமல் என்னும் தனித்தொகுதி இருக்கிறது. எந்த முறையில் முழுமையாக்குவது என்பதை அதில் நாமே தேர்ந்துகொள்ளலாம். 2.675 என்பதை இரண்டு தசம இடத்துக்குச் சுருக்கினால் 2.68 வராமல் 2.67 வருவதையும் ரவுண்ட் கட்டளையின் விளக்கமே எடுத்துக்காட்டி, ‘இது பிழை அன்று’ என்று எழுதி, பெரும்பாலான தசம பின்னங்களைக் கணினி இரும எண்ணில் துல்லியமாக வைத்துக்கொள்ள முடியாது என்ற காரணத்தையும் சேர்த்திருக்கிறது. ஆண்டுக்கணக்கில் பலரும் இதைப் பிழையாகக் கருதுவதைக் கண்டு, பதிலை ஆவணத்திலேயே நிலைநிறுத்தியிருக்கிறார்கள். ஐந்தொகையில் ஒரு காசு இடித்தாலும் இரவெல்லாம் தேடிப் பழகிய ஊர் இது. காரணம் எழுதப்பட்ட ஒரு காசை ஏற்க முடியும், காரணம் தெரியாத காசை ஏற்க முடியாது.

மொழியையே மாற்றும் யோசனைகளுக்கு வழி இன்னும் நீளமானது. யோசனையைப் பொதுவில் பேசி, முதன்மைப் பராமரிப்பாளர் ஒருவரின் ஆதரவைப் பெற்று, பெப் எனப்படும் முறையான முன்மொழிவை எழுத வேண்டும். ஏன் தேவை, பழைய நிரல்கள் என்ன ஆகும், பாதுகாப்புக்குக் கேடு உண்டா, புதிதாகப் படிப்பவருக்கு இதை எப்படிக் கற்பிப்பது, எந்த மாற்று வழிகள் கைவிடப்பட்டன, ஏன் கைவிடப்பட்டன என்று அதில் பகுதிகள் உண்டு. கைவிடப்பட்டவற்றின் பகுதியைத்தான் நான் எப்போதும் முதலில் படிக்கிறேன். ஒரு முடிவின் தரம் அங்கேதான் தெரிகிறது.

மொழியை உருவாக்கிய கைடோ வான் ரோசமே, ஒரு மதிப்பைப் பொறுத்துப் பல வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் ஸ்விட்ச் கட்டளையைச் சேர்க்கலாமா என்று பெப் 3103ஐ எழுதினார். 2007இல் பைத்தான் பயனர்களின் பைக்கான் மாநாட்டில் தம் உரையின்போதே கையுயர்த்திக் கருத்துக் கேட்டு, ஆதரவு இல்லை என்று கண்டு, தம் முன்மொழிவைத் தாமே தள்ளுபடி செய்தார். அதே தேவைக்கு விரிவான விடையாக மேட்ச் கட்டளை வந்தது 2021இல், 3.10 பதிப்பில். இடையே பதினான்கு ஆண்டுகள். ஒரு கோவையின் நடுவிலேயே மாறிக்கு மதிப்பிடும் குறியைச் சேர்த்த பெப் 572 மீதான நீண்ட வாதத்துக்குப் பின் 2018 ஜூலையில் அவர் இறுதி முடிவெடுக்கும் பொறுப்பிலிருந்து விலகினார். 2019 முதல் பராமரிப்பாளர்கள் தேர்ந்தெடுக்கும் ஐவர் குழு அந்தப் பொறுப்பை ஏற்றிருக்கிறது. உருவாக்கியவர் விலகிய பின்னும் பதிப்புகள் தவறாமல் வருவது என் போன்றவர்களுக்குப் பெரிய ஆறுதல்.

செட்டிநாட்டுப் பெரிய வீடுகளை அறிந்தவர்களுக்கு இந்த நிதானம் விளங்கும். ஒரு வீட்டில் எத்தனை புள்ளிகளுக்கு, அதாவது பங்குள்ள குடும்பங்களுக்கு, உரிமை உண்டோ, அத்தனை பேரையும் கேளாமல் வீட்டின் உள்முற்றமான வளவில் ஒரு தூணை நகர்த்த முடியாது. யாரோ ஒரு பங்காளி சென்னையிலும் இன்னொருவர் மலேசியாவிலும் இருப்பார். வீட்டில் நடக்கும் விசேஷத்துக்கு வரும்போது அந்தத் தூண் இருந்த இடத்தில் இருக்க வேண்டும். பைத்தானின் மாற்றங்கள் குறித்த பெப் 387 ஏறத்தாழ இதையே விதியாக்குகிறது: ஒன்றை நீக்குவதாக இருந்தால், குறைந்தது இரண்டு பதிப்புகளிலாவது எச்சரிக்கை கொடுத்துவிட்டே நீக்க வேண்டும். 2021 ஏப்ரலில், ஒரு மாறியில் எண் வருமா எழுத்து வருமா என்று நிரலில் எழுதிவைக்கும் வகைக் குறிப்புகளைக் கையாளும் முறையை 3.10இல் மாற்றவிருந்தபோது, அக்குறிப்புகளை நம்பி இயங்கும் பைடான்டிக் போன்ற நிரல் நூலகங்கள் உடையும் என்று அவற்றை நடத்துகிறவர்கள் முறையிட்டார்கள். பதிப்பு வெளிவரச் சில மாதங்களே இருந்த நிலையில் ஐவர் குழு அந்த மாற்றத்தைத் தள்ளிவைத்தது. பிறகு வேறொரு வழி ஆராயப்பட்டு, பெப் 649ஆக 2025இல் வந்த 3.14 பதிப்பில் இடம்பெற்றது. ஏற்றுக்கொண்ட முடிவைக்கூட, பாதிக்கப்படுகிறவர்கள் சான்றோடு வந்தால் திரும்பப் பார்க்கிறார்கள்.

எப்போதும் பழைய நிரலின் பக்கமே நிற்கிறார்கள் என்றும் சொல்லிவிட முடியாது. மிக நீண்ட எண்ணை எழுத்தாகவோ எழுத்தை எண்ணாகவோ மாற்றக் கணினி வெகுநேரம் எடுத்துக்கொள்வதால், யாராவது வேண்டுமென்றே அத்தகைய எண்களை அனுப்பி ஒரு சேவையை முடக்க முடியும் என்ற குறைக்கு, 2022 செப்டம்பரில் 4300 இலக்கம் என்ற வரம்பை வைத்தார்கள். பராமரிப்பில் இருந்த பழைய பதிப்புகளிலும் வைத்தார்கள். கணித ஆய்வு செய்வோர் சிலருக்கு இது இடைஞ்சலாக இருந்தது. வேண்டியவர்கள் வரம்பை உயர்த்தவோ நீக்கவோ வழி விட்டிருக்கிறார்கள். எனக்கு இந்த முடிவு சரியாகவே படுகிறது. பூட்டு பழுது என்று தெரிந்தபின் பங்காளிகள் அனைவரும் கூடும்வரை கதவைத் திறந்து வைத்திருக்க முடியாது.

என் அனுபவத்தில் சங்கடமும் உண்டு. ஆத்தங்குடிக் கல் செய்யும் பட்டறை ஒன்றுக்கு நான் எழுதிய ஆர்டர் பக்கம், வலைப்பக்கப் படிவத்தில் நிரப்பியதை நிரலுக்குப் படித்துத் தரும் சிஜிஐ என்னும் பழைய தொகுதியை நம்பியிருந்தது. பராமரிக்க ஆளின்றிப் பயன் குறைந்துபோன 19 தொகுதிகளை நீக்குவது என்ற பெப் 594இன்படி 2022இல் 3.11 பதிப்பு எச்சரிக்கத் தொடங்கி, 2024 அக்டோபரில் 3.13 பதிப்பு அதை நீக்கியது. எச்சரிக்கையை நான் படிக்காதது என் தவறு. இரண்டு நாள் வேலையில் மாற்றி எழுதினேன். ஆனாலும், இத்தகைய எச்சரிக்கைகளில் பெரும்பாலானவை வழக்கமான ஓட்டத்தில் திரையில் காட்டப்படாமல் மறைக்கப்பட்டிருப்பது குறைதான். சிறு ஊர்களில் தனி ஆளாக நிரல் எழுதுகிறவர்களுக்கு அவற்றைக் காட்டும் அமைப்பை இயக்கிப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கவும் யாரும் இருப்பதில்லை.

இதைவிடப் பெரிய குறை காத்திருப்பு. திறந்த நிலையில் ஆயிரக்கணக்கான அறிக்கைகள் நிற்கின்றன. நல்ல திருத்தத்தைக் கையோடு கொண்டுவந்தவருக்கும் அதைச் சரிபார்க்க ஒருவர் கிடைக்க மாதங்கள் ஆகலாம். சரிபார்க்கும் கைகள் குறைவு, அவர்களில் மிகப் பலர் தன்னார்வலர்கள். 2021 முதல் பைத்தான் அறக்கட்டளை முழுநேர ஊதியத்தில் ஆள் வைத்துத் தேங்கிய வேலையைப் பார்க்கிறது, அது போதாது. இன்னொன்று, எல்லாம் ஆங்கிலத்தில் நடக்கிறது. தமிழ் வழியில் படித்து வந்து என்னிடம் நிரல் கற்கும் பிள்ளைகள் குறையைச் சரியாகவே கண்டுபிடிக்கிறார்கள். அதை நான்கு வாக்கியத்தில் எழுதும்போது தயங்கி நின்றுவிடுகிறார்கள். சிறு நிரலும் வந்த விடையும் எதிர்பார்த்த விடையும் இருந்தால் இலக்கணப் பிழையோடு எழுதினாலும் போதும் என்று அவர்களுக்குச் சொல்கிறேன், அது உண்மையும்கூட.

கடைக் கணக்கு, சரக்கிருப்பு, கூலிப் பட்டியல் போன்ற வேலைகளுக்கு எந்த மொழியைத் தேர்வது என்று கேட்பவர்களுக்குப் பைத்தானையே பரிந்துரைக்கிறேன். ஆண்டுக்கொரு முறை வெளியாகும் மாற்றக் குறிப்புகளைப் படிக்க ஒரு மாலைப்பொழுதை ஒதுக்க முடியாதவர்களுக்கு அப்படிப் பரிந்துரைக்கத் தயங்குவேன்.

ஆச்சியின் நிரலில், பலகாரத்தின் பெயர் உள்ளே வரும் இடத்தில், எழுத்தை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் அந்தக் கருவியை இயக்கும் ஒரே ஒரு வரி சேர்த்தேன். பழைய பதிவுகளையும் அதன் வழியே ஒருமுறை ஓட்டி எடுத்தேன். மனகோலம் 58 கிலோ என்று ஒரே வரியில் வந்தது. யூனிகோட் வழிகாட்டியில் இதை விளக்கும் எடுத்துக்காட்டு, தலையில் கூரைக்குறி இட்ட லத்தீன் எழுத்து ஒன்றைப் பற்றியது. அதைப் படிக்கும் தமிழருக்கு இது தம் கொம்புக்கும் துணைக்காலுக்கும் பொருந்தும் என்று உடனே தோன்றாது. அந்த இடத்தில் இந்திய மொழி எழுத்து ஒன்றையும் சேர்க்கும்படி ஆவணத் திருத்தம் ஒன்றை இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன். எடுத்துக்காட்டுச் சொல்லாக எதை வைப்பது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை.