மண் அச்சு, இரும்பு டை, பிரஷர் டை: அலுமினிய வார்ப்புக்கு எது?

திருவொற்றியூர், மாதவரம் பக்கம் பட்டறை நடத்துபவர்கள் அலுமினிய வார்ப்புக்கு ஆர்டர் கொடுக்கும்போது கிலோ என்ன விலை என்றுதான் முதலில் கேட்பார்கள். எவ்வளவு வேகமாக உறையும் என்று கேட்பவர் குறைவு. உருப்படியின் வலுவில் பாதி அங்கேதான் இருக்கிறது.

தூய அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உறையும். 7% சிலிக்கான் கலந்தது அப்படியல்ல. 615 டிகிரி வாக்கில் படிகம் விடத் தொடங்கி, கடைசித் திரவம் உறைய 577 டிகிரிக்கு இறங்க வேண்டும். இடையில் வேப்பங்கொத்து மாதிரி கிளைத்து வளர்வதுதான் டென்ட்ரைட். கிளைகள் நெருக்கமாக இருந்தால் உலோகம் வலுவாகவும், சட்டென்று உடையாமலும் இருக்கும். சீக்கிரம் குளிர்ந்தால் நெருக்கம் கூடும்.

மண் அச்சு வெப்பத்தை மெதுவாகத்தான் வாங்கும். அதனால் கிளைகள் தடித்து அகன்றுவிடும். இன்னொரு தொல்லை, ஹைட்ரஜன். உருகிய அலுமினியம் காற்றின் ஈரத்திலிருந்து அதை இழுத்துக்கொள்ளும். உறையும்போது வைத்துக்கொள்ள முடியாமல் வெளியே தள்ளும். மெதுவாக உறைந்தால் வாயு ஒன்றுசேர்ந்து ஊசித் துளைகளாக நிற்க நேரம் கிடைக்கிறது. நம்ம கடலோரக் காற்றில், அதுவும் ஐப்பசி மழையில், நைட்ரஜனோ ஆர்கானோ விட்டு டீகேஸிங், அதாவது கரைந்த ஹைட்ரஜனை வெளியேற்றும் வேலை, செய்யாமல் ஊற்றுகிற இடத்துக்கு நான் போகமாட்டேன். ஆனால் பேட்டர்ன், அதாவது மண்ணில் வடிவம் பதிக்கும் மாதிரி, செலவு குறைவு, எந்த வடிவமும் வரும். தடித்த இடத்தில் சில் (chill), அதாவது வெப்பத்தை இழுக்கும் இரும்புத் துண்டு, வைத்தால் அங்கே மட்டும் சீக்கிரம் உறையும். 0.02% அளவு ஸ்ட்ரான்ஷியம் சேர்த்தால் தகடு தகடாக நிற்கும் சிலிக்கான் மெல்லிய நாராக மாறும்.

கிராவிட்டி டை, அதாவது இரும்பு அச்சு, வெப்பத்தை மளமளவென்று இழுக்கும். படிகம் நுண்ணியதாகும், டி6 வெப்பப் பதப்படுத்தலும், அதாவது சூடாக்கி, சட்டென்று குளிர்வித்து, மறுபடி மிதமாகச் சூடாக்கி வலுவேற்றுவதும், தாங்கும். டை செய்யத்தான் பணம்.

பிரஷர் டையில் அழுத்திச் செலுத்துவதால் அதுதான் ரொம்பக் கெட்டி என்று பலர் நினைக்கிறார்கள். தோல் மட்டும்தான் அப்படி. வேகமாகப் பீய்ச்சும்போது காற்றும் உள்ளே மாட்டிக்கொள்ளும். சாதாரண பிரஷர் வார்ப்பை டி6க்கு அனுப்பினால் கொப்புளம் கிளம்பும். லேத்தில் தோலைச் சீவினால் துளைகள் வெளியே வரும். மெல்லிய மூடி ஆயிரக்கணக்கில் வேண்டுமா, சரி, தாராளமாக எடுக்கலாம்.

எண்ணெய் கசியக் கூடாத கியர்பாக்ஸ் உறை சில நூறு வேண்டுமென்றால் என் ஓட்டு கிராவிட்டி டைக்கு. பத்து இருபது போதும் என்றால் மண் அச்சே சரி. ஆனால் டீகேஸிங்கும் சில்லும் கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள்.