சிபிஎன் என்று சொல்லி வைரக் கல்லைத் தலையில் கட்டிவிட்டார்கள்: செயின் சா வைத்திருப்பவர்கள் கவனிக்க

செயின் சா செயினை வீட்டிலேயே சாணை பிடிப்பவர்கள், புதுக் கல் வாங்கக் கடைக்குப் போகும் முன் இதைப் படித்துவிட்டுப் போங்கள். எனக்கு ஒரு கல்லும் ஒரு செயினும் போனது. மொத்தம் நாலாயிரத்துச் சொச்சம்.

பட்டுக்கோட்டைப் பக்கம் எனக்குத் தென்னந்தோப்பு. 2018 நவம்பரில் கஜா அடித்தபோது விழுந்த மரங்களை அறுக்க ஆள் கிடைக்காமல்தான் மெஷின் வாங்கினேன். 18 அங்குல பிளேடு, பாயின்ட் 325 செயின் (கண்ணி அளவு, அங்குலத்தில்), 36 பல். தென்னை அடிமரத்தின் வெளிப்பக்கம் இரும்பு மாதிரி. மண்ணோடு சேர்த்து அறுத்தால் அரை மணி நேரத்தில் பல் மழுங்கும். உருட்டு அரத்தால் தீட்டித் தீட்டி மணிக்கட்டு போனதால், மேசையில் பொருத்தும் சாணை மெஷின் ஒன்று வாங்கிப் போட்டேன். அதோடு வந்த ரோஸ் நிறக் கல் மூன்று வருடம் உழைத்துத் தேய்ந்தது. அடுத்த கல்லுக்கு டவுன் கடைக்குப் போனதில்தான் வந்தது வினை.

“அண்ணே, ரோஸ் கல்லெல்லாம் தேஞ்சுக்கிட்டே இருக்கும். இது சிபிஎன். பத்து வருஷத்துக்கு மாத்தவே வேணாம்” என்றார் கடைத் தம்பி. இரும்பு வட்டு, விளிம்பில் பொடி ஒட்டியிருந்தது, நடுவில் பளபளவென்று ஒரு ஸ்டிக்கர். விலை 2,400. சிபிஎன் என்பது க்யூபிக் போரான் நைட்ரைடு, வைரத்துக்கு அடுத்தபடி கடினமான செயற்கைப் பொடி. அந்தக் கல் செயினுக்கு நல்லது என்று நான் ஏற்கெனவே கேள்விப்பட்டிருந்தேன். அது உண்மையும்கூட. அதனால் அளவு மட்டும் கேட்டேன்: 145 மில்லி வட்டம், 22.2 துளை, 3.2 கனம். எல்லாம் சரியாக இருந்தது. என்ன பொருள் என்பதை மட்டும் அவர் வாயை நம்பி வாங்கினேன்.

முதல் இரண்டு தடவை வெண்ணெய் மாதிரி போனது. மூன்றாவது தடவை சத்தம் மாறியது. ‘சர்’ என்று அரைக்கிற சத்தம் போய், ‘கீ’ என்று உரசுகிற சத்தம். கொஞ்சம் அழுத்தினேன். பல்லின் நுனியில் முதலில் வைக்கோல் நிறம், கண்ணிமைப்பதற்குள் ஊதா, அப்புறம் மயில்கழுத்து நீலம். அழகாகத்தான் இருந்தது. ஆனால் எஃகு அந்த நிறத்துக்குப் போய்விட்டால் அதன் பதம் கெட்டுவிட்டது என்று அர்த்தம். உருட்டு அரத்தை வைத்துப் பார்த்தேன், கண்ணாடியில் இழுத்த மாதிரி வழுக்கியது. மறுநாள் அந்தச் செயினைப் போட்டு அறுத்தால் சீவல் வரவேண்டிய இடத்தில் மாவு வருகிறது.

கடைக்குப் போனேன். “நீங்க அழுத்திப் பிடிச்சிருப்பீங்கண்ணே” என்றார். அழுத்தியது உண்மைதான், அதை மறைக்கவில்லை. ஆனால் கல் ஏன் அழுத்தம் கேட்டது? அதற்கு அவரிடம் பதில் இல்லை.

பதில் ஸ்டிக்கருக்கு அடியில் இருந்தது. வட்டில் ஒட்டிய பிசினை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தபோது ஸ்டிக்கர் கழன்று வந்தது. கீழே இரும்பில் பொறித்திருக்கிறது: டி126. இந்த வகைக் கல்லில் எண்ணுக்கு முன்னால் ஆங்கில ‘டி’ இருந்தால் டைமண்ட், ‘பி’ இருந்தால் போரான் சேர்ந்த சிபிஎன். எண் என்பது பொடியின் பருமன். ஆக, எனக்கு விற்றது வைரக் கல்.

வைரம் இன்னும் உசத்திதானே என்று சிலர் கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். வைரம் என்பது கரி. வேகமாகச் சுற்றி எஃகைச் சூடாக்கும்போது, அந்தச் சூட்டில் இரும்பு வைரத்தின் கரியைத் தனக்குள் இழுத்துக்கொள்ளும். பொடியின் முனை மழுங்கும், பிறகு வெறும் உரசல், உரசலில் இன்னும் சூடு. போதாக்குறைக்கு இந்த மாதிரி முலாம் போட்ட வட்டில் இருப்பது ஒரே ஓர் அடுக்குப் பொடி. கத்தி தீட்டும் வைரத் தகட்டில் இந்தத் தொல்லை வராது, கையால் இழுப்பதில் சூடே இல்லை. சிபிஎன்னில் கரி கிடையாது, அதனால்தான் எஃகுக்கு அது.

பொறித்ததைக் காட்டியதும், “ஹோல்சேல்லயே அப்படித்தான் வந்துச்சுண்ணே” என்று சுருதி இறங்கியது. பயன்படுத்திய கல்லாம், பணம் திரும்பாதாம். வேண்டுமானால் ரோஸ் கல் ஒன்று பாதி விலைக்குத் தருகிறேன் என்று எடுத்து நீட்டினார். தொட்டதுமே தெரிந்தது, கனம் 4.8 மில்லி. அது பெரிய 3/8 அங்குல செயினுக்கும் பாயின்ட் 404-க்கும் உள்ளது. என் செயினில் வைத்தால் பல்லின் குழிக்குள் சரியாக இறங்காமல் பக்கத்தைக் கடித்துவிடும். 3.2 கேட்டேன். மூன்று கல் எடுத்து வைத்தார்.

துளையில் விரலை விட்டுத் தூக்கி, ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் பிடியால் ஒவ்வொன்றாகத் தட்டினேன், பானை வாங்குகிற மாதிரி. இரண்டு ‘டிங்’ என்றன. ஒன்று ‘டப்’. அதற்குள் விரிசல், கண்ணுக்குத் தெரியாது. கடைக்காரர் அதை எடுத்து மறுபடி அலமாரியிலேயே வைத்தார். அடுத்து வருகிறவருக்கு!

கிளம்பும்போது இலவசமாக ஒரு யோசனையும் சொன்னார்: இதிலேயே சின்னக் கல்லை வாங்கி, வாஷர் போட்டு நாலு அங்குல கட்டிங் மெஷினிலும் மாட்டலாமாம். தயவுசெய்து யாரும் செய்துவிடாதீர்கள். என் கல்லில் விளிம்பின் உச்ச வேகம் நொடிக்கு 35 மீட்டர் என்று அச்சிட்டிருக்கிறது. கட்டிங் மெஷின் நிமிடத்துக்கு 11,000 சுற்று. 105 மில்லி கல்லை அதில் மாட்டினால் விளிம்பு நொடிக்கு 60 மீட்டர் வேகத்தில் ஓடும். உடைந்து பறந்தால் நேரே முகத்துக்குத்தான்.

இப்போது ரோஸ் கல்தான் ஓடுகிறது. பல்லைத் தொட்டுத் தொட்டு எடுக்கிறேன், ஒரே மூச்சில் அழுத்துவதில்லை. நீலம் ஏறவில்லை. அந்த வைர வட்டை எங்கள் ஊர் ஆசாரி கேட்டு வாங்கிப் போனார். அவருடைய வட்ட பிளேடில் இருப்பது எஃகுப் பல் இல்லை, கார்பைடு பல். மிச்சமிருக்கும் பொடியே அதற்கு அருமையாக வேலை செய்கிறதாம்.