கான்பூர் லாங் லைன் செட்: மூணு வயசு பெட்டைக் குதிரைக்குட்டிக்கு அஞ்சு மாசம் போட்டுப் பாத்தாச்சு

இந்த செட்டுக்கு பிராண்ட் பேர்னு எதுவும் கிடையாதுங்க, கான்பூர்ல தச்சு வர்ற சாமான், வாட்ஸ்அப்ல ஆர்டர் எடுத்து கொரியர்ல அனுப்பினாங்க. ரோலர் (முதுகையும் வயித்தையும் சுத்திக் கட்டுற வளையம் வச்ச பட்டை) ஒண்ணு, கேவசன் (மூக்குப்பட்டையில வளையம் வச்ச தலைவார்) ஒண்ணு, காட்டன் லாங் லைன் (குதிரை மேல ஏறாம கீழ நடந்துக்கிட்டே ஓட்டுற நீளக் கயிறு) ரெண்டு, கொரியரோட சேர்த்து 7,200 ரூபாய் ஆச்சு. ஜனவரில வாங்கினேன், இப்போ ஜூன், வாரத்துக்கு நாலு நாள் யூஸ் பண்ணியாச்சு, அதனால தைரியமா எழுதுறேன்.

முதல்ல யாருக்காக வாங்கினேன்னு சொல்லிடறேன். எங்க மல்லி மார்வாரி (ராஜஸ்தான் குதிரை இனம்) கிராஸ், வாங்கும்போது மூணு வயசு ஆகல, சென்னை ஈசிஆர்ல (கிழக்குக் கடற்கரைச் சாலை) உத்தண்டி தாண்டி ஒரு லாயத்துல நிக்கிறா. ஆள் உயரமா வளந்துட்டா, அதனால பாக்குறவங்க எல்லாம் ஏறி உக்கார வேண்டியதுதானேன்னு கேட்டாங்க. கால் முட்டிக்கு மேல இருக்குற எலும்பு ரெண்டரை வயசு வாக்குல முதிர்ந்துடும், ஆனா முதுகெலும்பு முழுசா முதிர அஞ்சு ஆறு வயசு ஆகும், அந்த முதுகு மேலதான் நாம உக்காரப் போறோம். அவளுக்கு முன்னாடி நான் ஒரு இடத்துல வச்சிருந்த குட்டி மேல ரெண்டு வயசுலயே ஆள் ஏத்தி, அது முதுகு வலியில சேணத்தைப் பாத்தாலே காதை மடக்குற அளவுக்கு ஆயிடுச்சு. அதை நான் தடுக்காம விட்டது இன்னிக்கும் மனசுல இருக்கு. மல்லி விஷயத்துல எல்லாத்தையும் கீழ நின்னே கத்துக்குடுக்கணும்னு முடிவு பண்ணிட்டேன்.

செட்ல பெஸ்ட் ஐட்டம் லைன்தான். நல்ல நெருக்கமா நெய்த காட்டன் பட்டை, நைலான் மாதிரி கையை அறுக்காது, இருந்தாலும் க்ளவுஸ் இல்லாம பிடிக்கவே கூடாது, மிச்ச லைனை கையில சுத்திக்கவும் கூடாது, மடிப்பு மடிப்பா உள்ளங்கையில வச்சுக்கணும், குட்டி திடீர்னு பாய்ஞ்சா சுத்தின கயிறு விரலையே எடுத்துட்டுப் போயிடும். குறை என்னன்னா நீளம். 8 மீட்டர்னு சொன்னாங்க, டேப் வச்சு அளந்தா 7.4 தான் இருந்துச்சு. அரை மீட்டர்ல என்ன ஆகப்போகுதுன்னு நினைக்காதீங்க, குட்டி நம்மளைச் சுத்தி வட்டமா நடக்கும்போது வெளிப்பக்க லைன் அதோட மூஞ்சில இருந்து ரோலர் வளையம் வழியா போய், பின்பக்கத்தைச் சுத்தி நம்ம கைக்கு வரணும், அதுலயே ரெண்டு மீட்டருக்கு மேல காலி. மிச்சத்துல நின்ன இடத்துலயே நின்னு சுத்த விட்டா வட்டம் ரொம்ப சின்னதாயிடும், சின்ன வட்டம் இளம் மூட்டுக்கு ஆகாது. அதனால நானும் கூடவே நடந்து வட்டத்தைப் பெருசாக்கிக்கிட்டேன், அப்படியும் மொத்தமா இருபது நிமிஷத்துக்கு மேல வச்சுக்கிறதில்ல. கம்ப்ளைண்ட் பண்ணதுக்கு தனியா 9 மீட்டர்ல தச்சுத் தர்றோம்னாங்க, ஆனா காசு எக்ஸ்ட்ரா.

கேவசன் எனக்கு மனசுக்கு நிறைவா இருந்துச்சு, ஏன்னா மூக்குப்பட்டையில மூணு வளையம் இருக்கு, பக்கத்து வளையம் ரெண்டுலயும் லைனை மாட்டிக்கலாம், வாயில இரும்பே வேண்டாம். ரெண்டரை வயசுல இருந்து அஞ்சு வயசு வரைக்கும் பால் பல் விழுந்து முளைச்சுக்கிட்டே இருக்கும், அந்த நேரத்துல நம்ம கத்துக்குட்டி கையோட இழுப்பு அதோட வாயில விழாம இருக்கறது பெரிய விஷயம். பட்டை எலும்பு மேல உக்காரணும், மூக்கு ஓட்டையில இருந்து நாலு விரல் மேல, அதுக்குக் கீழ போனா மூச்சு முட்டும். ஒரு பிரச்சனை, முதல் வாரம் கன்னப்பட்டை நகர்ந்து நகர்ந்து கண்ணுகிட்ட வந்துடுச்சு, தாடைப்பட்டையை ரெண்டு ஓட்டை இறுக்கின பிறகுதான் நின்னுச்சு, அதுக்கும் ஓட்டை பத்தாம ரோட்டோரம் செருப்பு தைக்கிற அண்ணன்கிட்ட குடுத்து போட்டுக்கிட்டேன், 20 ரூபாய் வாங்கினார், கம்பெனி ஓட்டையை விட நேரா போட்டுக்குடுத்தார்.

ரோலர் பரவாயில்ல ரகம். முதுகெலும்புக்கு ரெண்டு பக்கமும் பஞ்சு மெத்தை இருக்கு, நடுவுல விரல் நுழையுற இடைவெளி இருக்கு, ரெண்டு பக்கமும் மூணு உயரத்துல வளையம் இருக்கு, அதெல்லாம் சரி. ஆனா பக்கிள் இரும்பு மேல பாலிஷ் போட்டது. ஈசிஆர் உப்புக்காத்துல ஆறே வாரத்துல துரு கட்டிடுச்சு, கடல் பக்கம் குதிரை வச்சிருக்கவங்க ஆர்டர் பண்ணும்போதே பித்தளை இல்லன்னா ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்னு கண்டிப்பா கேட்டு வாங்குங்க, நான் கேக்காம விட்டு பின்னாடி மாத்தினேன்.

சரி, மல்லி என்ன பண்ணான்னு சொல்லணும், எனக்கு அதுதான் முக்கியம். ரோலரை நாலு நாள் லூசாவே போட்டு, நடக்க வச்சு, ஒவ்வொரு ஓட்டையா இறுக்கினோம், அதுல அவ ஒண்ணும் சொல்லல. பின்னங்கால்ல லைன் பட்டதும்தான் வேற ஆளா ஆயிட்டா. நான் பயந்துபோய் ரெண்டு லைனையும் இழுத்துப் பிடிச்சேன், இழுக்க இழுக்க வாலை இறுக்கிக்கிட்டு குதிச்சா. எங்க லாயத்து குதிரைக்காரர், வயசானவர், "கையை விடு தாயி, கையை விட்டா நின்னுடும்"னு கத்தினார். விட்டேன், ரெண்டே எட்டுல நின்னுட்டா. அன்னிக்குத்தான் எனக்குப் புரிஞ்சுது, இழுக்கறதுல குதிரை எதையும் கத்துக்கறதில்ல, சரியான நேரத்துல விடறதுலதான் கத்துக்குது. அதுக்கப்புறம் ஒரு வாரம் லைனை மாட்டாம, வெறும் கயித்தை முதுகுல போட்டு, தொடையில தடவி, முட்டி வரைக்கும் இறக்கி, அவ பெருமூச்சு விட்டு தலையைத் தாழ்த்தினதும் எடுத்துடுவேன், இவ்ளோதான் வேலை.

இப்போ விடியக்காலை அஞ்சரைக்கு சவுக்குத் தோப்பு வழியா அவ முன்னாடி போறா, நான் பின்னாடி கொஞ்சம் பக்கவாட்டுல, உதை எட்டாத தூரத்துல நடக்கறேன். நேர் பின்னாடி அவளுக்குக் கண்ணு தெரியாது, அதனால பேசிக்கிட்டே போவேன். நட, நில்லு, திரும்பு எல்லாம் குரல்லயே பாதி ஆயிடுது, மிச்சம் விரலை லேசா மூடித் திறந்தாலே போதும். போன வாரம் தண்ணி லாரி ஹாரன் அடிச்சுக்கிட்டு போச்சு, நின்னு பாத்தா, ஒரு காதை என் பக்கம் திருப்பினா, "போலாம் மா"ன்னேன், நடந்துட்டா. பக்கத்துல தலையைப் பிடிச்சுக்க ஆள் இல்லாம அவளா எடுத்த முடிவு அது, எனக்கு கண்ணு கலங்கிடுச்சு.

கத்திரி வெயில் சமயத்துல பத்து நிமிஷத்தோட நிறுத்திக்கிட்டேன். நம்ம ஊர் புழுக்கத்துல சில குதிரைக்கு வேர்க்கறதே நின்னு போகும், ரோலரைக் கழட்டினதும் அடியில கை வச்சு ஈரம் இருக்கான்னு தினம் பாருங்க, காய்ஞ்சு போய் மூச்சு மட்டும் வேகமா வாங்கினா உடனே டாக்டரைக் கூப்பிடுங்க.

லைனுக்கு அஞ்சுக்கு நாலரை, கேவசனுக்கு நாலு, ரோலருக்கு மூணு குடுப்பேன். 9 மீட்டர் லைன் ஆர்டர் போட்டிருக்கேன், வந்ததும் அளந்துட்டு இங்கேயே அப்டேட் பண்றேன். காட்டன் லைனை உப்பு ஏறாம நல்ல தண்ணில அலசி நிழல்ல காயப் போடுங்க, வெயில்ல போட்டா விறைச்சுப் போய் கையில உக்காரவே மாட்டேங்குது.