அம்மிச்சி பாட்டை எம்பி3 ஆக்கக் கொடுத்த 3,440 ரூபாய்

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், எருத்தேம்பதி பக்கம் இருக்கும் சொந்தங்களுக்காக எழுதுகிறேன். வீட்டுப் பெரியவர்கள் குரலைப் பழைய போனில் வைத்திருக்கிறவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

எங்கள் அம்மிச்சி, அதாவது அம்மாவின் அம்மா, கும்மிப் பாட்டில் பேர் போனது. 2010, 2011 வாக்கில் என்னிடம் ஒரு நோக்கியா பட்டன் போன் இருந்தது. களத்தில் கடலை உரிக்கும்போதும், சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போதும் அம்மிச்சி பாடப் பாட அதில் பதிவு செய்துவிடுவேன். மொத்தம் 43 பாட்டு. கன்னிமார் பாட்டு மட்டுமே 40 நிமிஷம் ஓடும். அந்தக் காலத்து பட்டன் போன்கள் பெரும்பாலும் குரலை ஏஎம்ஆர் என்ற வகையில்தான் சேமிக்கும். அதை மைக்செட்காரர் பெட்டியில் போட்டால் பாடாது, எம்பி3 வேண்டும் என்றார்கள். பங்குனி நோம்பிக்கு அம்மிச்சி குரலுக்கே கும்மி அடிக்கலாம் என்று பெண்களுக்கெல்லாம் ஆசை. சரி, மாற்றி வாங்கிவிடலாம் என்று மெமரி கார்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். எந்தக் கடை, எந்த ஊர் என்று சொல்லப் போவதில்லை. பேர் போட்டால் நாளைக்கு வாசலில் வந்து நிற்பார்கள்.

"ஏனுங்கண்ணா, எவ்வளவு ஆகும்?" என்று கேட்டேன். ஒரு ஃபைலுக்கு 50 ரூபாய், லைசென்ஸ் வாங்கின சாஃப்ட்வேர், சும்மா கிடைப்பதில்லை என்றார். அப்புறம், "320 போட்டுடட்டுங்களா, ஸ்டுடியோ குவாலிட்டி, முப்பது ரூபாதான் கூட" என்றார். அம்மிச்சி குரலுக்கு முப்பது ரூபாய் பார்ப்பேனா? 43 ஃபைல், எண்பது எண்பதாக 3,440 ரூபாய். பில் கேட்டதற்கு, "நம்ம கடைதானுங்க" என்று சிரித்தார். அவர் கம்ப்யூட்டர் திரையில் ஒரு ஆரஞ்சுக் கூம்பு, ரோட்டு வேலை நடக்கிற இடத்தில் வைப்பார்களே அதுபோல. அப்போது அது என்னவென்று எனக்குத் தெரியாது.

மறுநாள் கார்டும் கையில் வந்தது, மாற்றிய பாட்டுகளோடு பென் டிரைவும் வந்தது. நோம்பியன்று ராத்திரி பெண்கள் வட்டம் கட்டி நிற்கிறார்கள். மைக்செட்காரர் பட்டனை அமுக்கினார். பெட்டியில் எரர் என்று ஒரு எழுத்து ஓடியது, அடுத்ததற்குத் தாவியது. மறுபடியும் எரர். நாலாவதாக ஒன்று பாடியது. பாடியது அம்மிச்சிதான், ஆனால் கிணற்றுக்குள் தண்ணீருக்கு அடியில் இருந்து பாடுவதுபோல் இருந்தது. என் பெரியம்மா, "இது யாரு சாமி?" என்று கேட்டதை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

கோயமுத்தூரில் படிக்கிற அக்கா பையன் மறுநாள் வந்தான். லேப்டாப்பில் பென் டிரைவைச் சொருகினான். அவன் திறந்ததும் அதே ஆரஞ்சுக் கூம்பு! விஎல்சி என்று பாட்டும் படமும் ஓட்டுகிற மென்பொருள். 1996-ல் பாரிஸில் கல்லூரிப் பையன்கள் ஆரம்பித்த வேலையாம். யாரும் காசு கொடுக்காமல் இறக்கிக்கொள்ளலாம். லைசென்ஸ் என்று கடைக்கார அண்ணன் காசு வாங்கியது இதற்குத்தான்.

பாடாத ஃபைலை விஎல்சியில் போட்டால் பாடியது. கன்ட்ரோலையும் ஜே-யையும் சேர்த்து அழுத்தி உள்விவரத்தைக் காட்டினான். வெளியே எம்பி3 என்று பேர், உள்ளே ஏஎம்ஆர். "சித்தி, இவரு மாத்தவே இல்ல, பேரு மட்டும் வெச்சிருக்காரு" என்றான். விஎல்சி பேரைப் பார்க்காமல் உள்ளே இருப்பதைப் பார்த்துப் பாடிவிடுகிறது, மைக்செட் பெட்டிக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. கடைக்காரர் தன் கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டியபோது எல்லாம் பாடியதன் ரகசியம் இதுதான். இப்படிப் பேர் மட்டும் மாறியவை 17.

மீதி 26-ஐ நிஜமாகவே மாற்றியிருந்தார். கன்னிமார் பாட்டு என் போனில் நாலு எம்பிகூட இருக்காது. அவர் கொடுத்தது 96 எம்பி. ஒரு நொடி ஒலிக்கு எவ்வளவு விவரம் சேமிக்கிறது என்பதைக் கிலோபிட்டில் சொல்வார்கள், கடைக்காரர் சொன்ன 320 அதுதான். போன் பதிவு செய்ததே நொடிக்கு 12.2 கிலோபிட் கணக்கில். அதை 320 ஆக்குவது நாலு கிலோ கடலையை நூறு கிலோ சாக்கில் கட்டித் தருவதுபோல. சாக்குதான் பெரிது. ஆடாசிட்டி என்று இன்னொரு இலவச மென்பொருளில் அந்தப் பாட்டைப் படமாகப் போட்டுக் காட்டினான். தாழ்ந்த சுருதி கீழேயும் உச்ச சுருதி மேலேயும் தெரிகிற படம். கீழே மட்டும் நிறம், 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலே ஒன்றுமே இல்லை. ஏஎம்ஆர் நொடிக்கு 8,000 தடவைதான் ஒலியை அளக்கும், அதில் பாதிக்கு மேல் உள்ள ஒலி அதில் ஏறவே ஏறாது. பதியும்போதே விட்டுப்போனதை எந்த ஸ்டுடியோவும் திரும்பக் கொண்டுவர முடியாது.

இதுகூடப் பரவாயில்லை, காசோடு போச்சு என்று விடலாம். ஸ்டுடியோ என்று சொன்னதற்கு ஏதாவது செய்ய வேண்டுமே என்று, அவர் அந்த 26-லும் இரைச்சலை நீக்கியிருக்கிறார். அவருக்கு இரைச்சல் எதுவென்றால், கடலைத் தோல் நொறுங்குகிற சத்தம், மாட்டு மணி, அடுத்த அடிக்கு முன்னால் அம்மிச்சி இழுக்கிற மூச்சு. அதோடு குரலின் ஓரமும் போய்விட்டது.

மூலம் கார்டில் இருக்கிறதே என்று கார்டைப் போட்டுப் பார்த்தோம். ஏஎம்ஆர் ஒன்றுகூட இல்லை. கேட்டால், "அதான் மாத்தியாச்சே, இடத்தை அடைக்குமேன்னு எடுத்துட்டேன்" என்கிறார். அவர் கம்ப்யூட்டரிலும் இல்லை. கார்டில் அழித்த இடத்தின் மேலேயே தன்னுடைய பெரிய பெரிய ஃபைல்களை ஏற்றியிருக்கிறார்.

பையன் உடனே கார்டைக் கழற்றி, இனி இதில் ஒன்றும் எழுதக் கூடாது என்று சொல்லிவிட்டு ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓட விட்டான். அது அழிந்துபோனதைத் தேடி வேறொரு இடத்தில் எடுத்து வைக்கும், ஆனால் பழைய பேர் வராது, வெறும் எண்தான் வரும். ராத்திரி முழுக்க ஒவ்வொன்றாகக் கேட்டு, இது மாரியம்மன் பாட்டு, இது தாலாட்டு என்று எழுதி வைத்தேன். 26-ல் 19 திரும்பின. பேர் மட்டும் மாற்றி ஏமாற்றினாரே அந்த 17-ம் பத்திரமாக, போனில் பதிந்தது பதிந்தபடி இருந்தன. அவர் வேலை செய்யாமல் விட்டவைதான் எனக்கு முழுசாக மிஞ்சின.

திருப்பிக் கேட்கப் போனேன். சாயா சொன்னார், 500 ரூபாய் கொடுத்தார். சாயா குடிக்காமல் வந்துவிட்டேன்.

இத்தனைக்கும் இது வீட்டில் ஆகிற வேலை. விஎல்சியில் கன்ட்ரோலும் ஆரும் அழுத்தினால் மாற்றுகிற பெட்டி திறக்கும். ஃபைலைச் சேர்த்து, ஆடியோ எம்பி3 என்பதைத் தேர்ந்து, எங்கே வைக்க வேண்டும் என்று சொன்னால் முடிந்தது. பையன் எஃப்எஃப்எம்பெக் என்ற இன்னொரு இலவச மென்பொருளில் ஒரே வரி கட்டளை அடித்து 36-ஐயும் மாற்றினான், நான் வைத்த டீ ஆறவில்லை. குரலுக்கு 64 கிலோபிட்டே தாராளம் என்கிறான். வாட்ஸ்அப் குரல் செய்தி ஓபஸ் வகையில் வரும், அதுவும் இதே வழியில் மாறும், அதற்கும் கடையில் காசு கேட்கிறார்கள். விஎல்சியை இறக்கும்போது மட்டும் வீடியோலேன் டாட் ஆர்க் என்ற அவர்களுடைய சொந்தத் தளத்துக்கே போங்கள். தேடினால் முதலில் வருகிற விளம்பரத்தை அமுக்கி, முதல் ஒரு நிமிஷம் மட்டும் மாற்றிக் கொடுத்துவிட்டு மீதிக்குக் காசு கேட்கிற ஒன்றை நானே ஒருமுறை இறக்கித் தொலைத்தேன். எதில் மாற்றினாலும் முதலில் ஒரு பிரதி எடுத்து, அதைத்தான் மாற்ற வேண்டும். கார்டை யார் கையிலும் கொடுக்காதீர்கள்.

திரும்பாத ஏழில் கன்னிமார் பாட்டும் ஒன்று. 2011-ல் அதைப் புளூடூத்தில் சொந்தக்காரர்கள் சிலருக்கு அனுப்பிய ஞாபகம் இருக்கிறது. யார் வீட்டு அலமாரியிலாவது அந்தப் பழைய போன் கிடந்தால், சார்ஜ் ஏறாவிட்டாலும் பரவாயில்லை, கடைக்கு மட்டும் கொண்டுபோகாமல் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். லேப்டாப்பை எடுத்துக்கொண்டு நானே வருகிறேன்.