ஷேவிங் கிண்ணம்: குயவர் வனைந்ததா, எவர்சில்வரா?

பிரஷ்ஷில் நுரை குழைத்து ஷேவ் செய்யத் தொடங்கும் பலர் தயங்கும் இடம் இது: கிராமத்துக் குயவரிடம் மண் கிண்ணம் வாங்குவதா, கடையில் எவர்சில்வர் எடுப்பதா?

நுரை: மண்ணுக்கே என் ஓட்டு. வனையும்போதே உட்புறம் விரலால் வரிகள் போட்டுத் தரச் சொல்லலாம். அதில் பிரஷ் உரசும்போது காற்று கலந்து நுரை சீக்கிரம் திரளும்.
எவர்சில்வரின் வழவழப்பில் கூடுதல் நேரம் சுழற்ற வேண்டியிருக்கும்.

சூடு: தடித்த மண் கிண்ணத்தை வெந்நீரில் ஊறவைத்தால் வெதுவெதுப்பு நிற்கும்.
மெல்லிய எவர்சில்வர் சட்டென ஆறிவிடும்.

உழைப்பு: கீழே விழுந்தால் மண் உடையும், எவர்சில்வர் நசுங்குவதோடு சரி. ஆனால் மண்ணிலும் ரகம் உண்டு. சுமார் 1,000 டிகிரி செல்சியஸில் சுட்ட சாதாரண மண்பாண்டம் நீரை உறிஞ்சும்; கிளேஸ் (கண்ணாடி போன்ற பளபளப்பான மேல்பூச்சு) பூசாவிட்டால் சோப்புத் தண்ணீரும் உள்ளே இறங்கும். 1,200 டிகிரிக்கு மேல் சுட்ட ஸ்டோன்வேர் இறுகிப்போய் நீரை அவ்வளவாக ஏற்காது. எந்தச் சூட்டில் சுட்டது, உள்ளே கிளேஸ் உண்டா என்று கேட்டு வாங்குங்கள். கிளேஸில் மயிரிழை விரிசல் இருந்தால் வேறொன்று எடுங்கள்.

விலை: எவர்சில்வர் பெரும்பாலும் மலிவு.
குயவர் விலையில் சூளையில் வெடித்துப்போன பாண்டங்களின் உழைப்பும் அடங்கும். தயவுசெய்து பேரம் பேசாதீர்கள். உங்கள் உள்ளங்கை அளவுக்கே வனைந்து தரும் வசதி வேறெங்கே கிடைக்கும்?

அடிக்கடி பயணம் போகிறவர்கள், வழுக்கும் தரையுள்ள குளியலறையில் ஷேவ் செய்கிறவர்கள் எவர்சில்வர் எடுக்கலாம். வீட்டில் நிதானமாக ஷேவ் செய்கிறவர்களுக்கு, கிளேஸ் பூசிய ஸ்டோன்வேர் கிண்ணம்தான்.