வெளிர் சுவரா, ஆழ்ந்த நிறமா, லினனா, பருத்தியா? அமைதியான படுக்கையறைக்கான ஒப்பீட்டு அலசல்

படுக்கையறையை மாற்றப் போகிறோம் என்றதும் கை முதலில் ஷேடு கார்டைத் தேடும். வரிசை தப்புவது அங்கேதான். பெயிண்டுக் கடையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிறங்களை இயந்திரத்திலேயே கலந்து தருகிறார்கள். மனதுக்குப் பிடித்த விரிப்புத் துணியோ ஏழெட்டு நிறத்துக்கு மேல் வராது. சுவரை முதலில் அடித்துவிட்டால் அதற்குத் தோதான துணிக்காக அலைய வேண்டும். துணி கையில் இருந்தால் அதற்கேற்ற பெயிண்டு அரை மணி நேரத்தில் கிடைத்துவிடும். அந்தத் துணியும் சுவரும் ராத்திரி எப்படித் தெரியும் என்பதோ விளக்கின் கையில் இருக்கிறது. அதனால் விளக்கு, துணி, சுவர் என்ற வரிசையிலேயே பார்ப்போம்.

நடுவில் ஒரே விளக்கா, தாழ்வாக மூன்றா?

கூரை நடுவில் தொங்கும் விளக்கு, அறையைப் பெருக்கவும் அலமாரியில் பொருள் தேடவும் நல்லது. ஆனால் மல்லாந்து படுத்தால் வெளிச்சம் நேரே கண்ணில் விழும். எல்லாச் சுவரையும் ஒரே அளவில் காட்டுவதால் நல்ல துணிகூடத் தட்டையாகத் தெரியும். கட்டிலின் இரு பக்கமும் ஒவ்வொன்று, எதிர் மூலையில் தாழ்வாக ஒன்று என மூன்று விளக்குகள் வைத்தால் வெளிச்சம் திட்டுத் திட்டாக விழும், இடையில் நிழல் நிற்கும். அறைக்கு நேர்த்தி வருவது பாதி இந்த நிழலால்தான். நடு விளக்கைக் கழற்ற வேண்டியதில்லை. அதற்குத் தனி ஸ்விட்ச் கொடுத்துவிட்டு, ராத்திரி தொடாமல் இருந்தால் போதும்.

அளவு: படிக்கும் விளக்கு ஒவ்வொன்றும் 400 லூமன் (வெளிச்சத்தின் அளவு), மூலை விளக்கு 250 லூமன். மூன்றும் 2700 கெல்வின். கெல்வின் என்பது வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் எண், குறைந்தால் மஞ்சள், ஏறினால் நீலம். இந்த எண் பல்பின் பெட்டியிலேயே இருக்கும். ஒன்று 2700, இன்னொன்று 4000 என்று கலந்துவிட்டால் ஒரு சுவர் மஞ்சளாகவும் மற்றது நீலம் பாய்ந்தும் நிற்கும், எவ்வளவு நல்ல பெயிண்டும் அங்கே எடுபடாது. அடிக்கடி நடக்கும் தவறு இது. பல்பு ஒன்று போனதும் கையில் கிடைத்ததை மாட்டிவிடுவதுதான் காரணம்.

மஞ்சள் பல்பு போட்டாலே தூக்கம் வந்துவிடும் என்பது பாதி உண்மை. கண்ணின் மெலனாப்சின் என்ற நிறமியை 480 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளிதான் அதிகம் தூண்டுகிறது. அது தூண்டப்படும்போது தூக்கத்துக்கு உதவும் மெலடோனின் என்ற ஹார்மோனின் சுரப்பு தள்ளிப்போகிறது. மஞ்சள் வெளிச்சத்தில் நீலம் குறைவு, இல்லாமல் இல்லை. அளவு கூடினால் அதுவும் விழிக்க வைக்கும். அதற்குத்தான் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர். டிம்மர் வைத்த பிறகு பல்பு துடித்தாலோ ரீங்காரம் போட்டாலோ இரண்டில் ஒன்றுதான் காரணமாக இருக்கும். பல்பு டிம்மருக்கென்று செய்யப்பட்டதாக இருக்காது. அல்லது டிம்மர் பழைய இழை பல்புக்கானதாக இருக்கும். அந்த வகைக்குக் குறைந்தபட்சம் 40 வாட் அளவிலாவது சுமை தேவைப்படுவது வழக்கம், மூன்று எல்.இ.டி. சேர்ந்தாலும் 15 வாட்டைத் தாண்டாது. 'டிரெய்லிங் எட்ஜ்' என்று குறித்த டிம்மராகக் கேட்டு வாங்குங்கள்.

மேசை விளக்கா, சுவர் விளக்கா என்பதில் சுவர் விளக்குக்கே எங்கள் ஓட்டு. பக்கத்து மேசை முழுக்கப் புத்தகத்துக்கும் தண்ணீருக்கும் மிஞ்சும். ஆனால் ஒயரிங் வேலையைப் பட்டி பார்ப்பதற்கு முன்பே முடித்தாக வேண்டும். உயரத்தை மெத்தையில் சாய்ந்து உட்கார்ந்துதான் குறிக்க வேண்டும். ஷேடின் கீழ் விளிம்பு உங்கள் தாடை மட்டத்தில் வந்தால் பல்பு கண்ணில் படாது, பக்கத்தில் மட்டும் வெளிச்சம் விழும். பெரும்பாலும் அது மெத்தையின் மேல்மட்டத்திலிருந்து 50 முதல் 60 செ.மீ. ஒயரிங் நடக்கும்போதே வாசலுக்கும் கட்டிலுக்குமாக டூ-வே ஸ்விட்ச் போடச் சொல்லிவிடுங்கள். இருட்டில் தடவிக்கொண்டு நடக்கிற வேலை இருக்காது.

நிலைக்கண்ணாடிக்கு மட்டும் வேறு கணக்கு

படுக்க நல்ல வெளிச்சம் அலங்காரத்துக்கு ஆகாது. 2700 கெல்வினில் மங்கலாக வைத்துக்கொண்டு ஃபவுண்டேஷன் போட்டால், வெளியே வந்ததும் கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறம். கண்ணாடிக்கு மேலே ஒற்றை விளக்கு வைப்பதும் உதவாது, கண்ணுக்கும் மூக்குக்கும் கீழே நிழல் விழும். கண்ணாடியின் இரு பக்கமும் முக மட்டத்தில் இரண்டு குழல் விளக்குகள், 3500 முதல் 4000 கெல்வின், சி.ஆர்.ஐ. (நிறங்களை உள்ளபடி காட்டும் திறனின் எண்) 90-க்கு மேல், தனி ஸ்விட்ச். காலையில் பத்து நிமிடம் எரியும், ராத்திரி அது இருப்பதே தெரியாது. கட்டிலிலிருந்து பார்த்தால் பிரதிபலிக்காத சுவரில் கண்ணாடியை வைப்பது நல்லது. இல்லையென்றால் மேசை மேலிருக்கும் குப்பிகள் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும்.

லினன், பெர்கேல், சாட்டீன்

விரிப்பில் போட்டி மூன்று பேருக்குள். பெர்கேல் என்பது ஒரு நூல் மேலே, ஒரு நூல் கீழே என்று நெய்த பருத்தி. இஸ்திரி போட்ட சட்டை போல மொடமொடப்பாக இருக்கும், காற்று நன்றாகப் போகும். சாட்டீனும் பருத்திதான், ஆனால் அதில் பொதுவாக மூன்று, நான்கு நூலைத் தாண்டி ஒரு நூல் உள்ளே போகிறது. மிதக்கும் அந்த நூல்தான் மினுமினுப்பையும் வழவழப்பையும் தருகிறது. அதே நூல்தான் நகத்திலும் மோதிரத்திலும் மாட்டிக்கொள்கிறது, துவைக்கத் துவைக்க உருண்டு திரள்கிறது. பெர்கேலைவிடச் சூட்டையும் கொஞ்சம் கூடுதலாகப் பிடித்து வைக்கும். லினன் ஆளிச் செடியின் நாரில் நெய்தது, புதிதாக இருக்கும்போது முரடு. ஒவ்வொரு சலவைக்கும் இளகிக்கொண்டே போகும். சுருக்கம் அதன் பிறவிக்குணம். சுருக்கத்தைப் பார்த்தாலே எரிச்சல் வருபவர் லினன் பக்கம் போகவே வேண்டாம்.

தூக்கத்தில் வியர்ப்பவருக்கு, குறிப்பாக மாதவிடாய் நிற்கும் பருவத்தில் நள்ளிரவில் உடம்பு திடீரென்று கொதித்து எழுபவருக்கு, சாட்டீன் சரிப்படாது. லினன் முதலிடம், பெர்கேல் இரண்டாமிடம். மைக்ரோஃபைபர் என்று விற்கும் பாலியெஸ்டர் பட்டியலிலேயே இல்லை. அது ஈரத்தை உறிஞ்சாது, தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

நூல் எண்ணிக்கை (ஒரு சதுர அங்குலத்தில் எத்தனை நூல்) விஷயத்தில் ஏமாறுபவர்கள் அதிகம். பெர்கேலுக்கு 200 முதல் 300, சாட்டீனுக்கு 300 முதல் 400 இருந்தால் தாராளம். 1000 என்று அச்சிட்டிருந்தால் பெரும்பாலும் மெல்லிய நூல்களை முறுக்கி ஒன்றாக்கி, புரிகளைத் தனித்தனியாக எண்ணியிருப்பார்கள். அப்படிப்பட்ட துணி கனமாக இருக்கும், மூச்சு விடாது. லினனுக்கு நூல் எண்ணிக்கை பேச்சே கிடையாது. சதுர மீட்டருக்கு 160 முதல் 190 கிராம் எடையா என்று பாருங்கள்.

தலையணை உறைக்கு மட்டும் பட்டு வாங்கலாமா? முடி உரசிச் சிக்காவது குறையும், உண்மைதான். பட்டின் எடையை மொம்மே என்ற அலகில் சொல்வார்கள், 19 முதல் 22 மொம்மே இருந்தால் தாங்கும். ஆனால் கையால் துவைத்து நிழலில்தான் உலர்த்த வேண்டும். அதற்குப் பொறுமை இல்லையென்றால் பெர்கேலே போதும். பருவுக்கு பென்சாயில் பெராக்சைடு களிம்பு பூசுகிறவரானால் உறை வெள்ளையாகவே இருக்கட்டும். அந்த மருந்து சாயத்தை வெளுக்கும். ஆசையாக வாங்கிய சாம்பல் பச்சை உறையில் கன்னம் படும் இடத்தில் ஆரஞ்சுத் திட்டு விழுந்தால் அது கறையல்ல, சாயம் போன இடம். எந்தச் சோப்பும் அதை மீட்காது.

வெளிர் சுவரும் ஆழ்ந்த சுவரும்

'வெள்ளை அடித்தால் இருட்டறை பளிச்சென்று ஆகும்' என்ற நம்பிக்கை பாதி அறைகளைக் கெடுத்திருக்கிறது. வெள்ளை, வந்து விழுகிற வெளிச்சத்தைத் திருப்பித்தான் தரும், தானாக உண்டாக்காது. நேர் வெயில் வராத அறையில் வெள்ளைச் சுவரின் மூலைகள் சாம்பல் பூத்து, துவைக்காத துணி போல நிற்கும். அங்கே ஆழ்ந்த நிறம் வேண்டுமென்றே செய்தது போல அமையும். சாம்பல் கலந்த பச்சை, புகை படிந்த நீலம், பழுத்த மண் நிறம் போன்றவை பொருந்தும். நாள் முழுக்க வெயில் வரும் அறைக்கு இளமஞ்சள் சாய்ந்த வெள்ளையே மேல்.

ஷேடு கார்டின் பின்புறம் எல்.ஆர்.வி. என்ற எண்ணைப் பாருங்கள், நிறம் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பித் தரும் என்பதன் அளவு அது. 0 முழுக் கறுப்பு, 100 முழு வெள்ளை. மென்வெள்ளைகள் 75-க்கு மேல் இருக்கும். அடக்கமான பச்சை, மங்கிய ரோஸ் வகை 40-60. அடர் நீலப்பச்சை 15-க்குக் கீழே. முதல்முறை நிறம் வைப்பவருக்கு நடுவில் உள்ள 40-60தான் பத்திரம். பகலில் நிறமாகவும், டிம்மரைக் குறைத்ததும் ஆழமாகவும் தெரியும்.

கார்டில் பார்த்ததைவிடச் சுவரில் நிறம் எப்போதும் ஏறித்தான் வரும். நான்கு சுவரும் ஒன்றின் மேல் ஒன்று தன் நிறத்தை வீசுவதுதான் காரணம். ரோஸில் இது அப்பட்டமாகத் தெரியும். கார்டில் அடக்கமாக இருந்த ரோஸ் அறையில் சிறுமியின் அறை போல மிட்டாய் நிறமாகிவிடும். வளர்ந்த பெண்ணின் அறைக்கு ரோஸே கூடாது என்பதில்லை. நீங்கள் தேர்ந்ததைவிட ஒரு படி சாம்பலோ பழுப்போ ஏறியதை எடுங்கள்.

சோதித்துப் பார்க்கும் முறை: பழைய சுவர் மேல் திட்டுத் திட்டாக அடிக்காதீர்கள், பக்கத்தில் இருக்கும் பழைய நிறம் கண்ணை ஏமாற்றும். அரை மீட்டர் சதுர அட்டையில் இரண்டு கோட் அடித்து, ஓரத்தில் 5 செ.மீ. வெள்ளை விட்டு, காலை, மதியம், விளக்கு போட்ட பிறகு என மூன்று வேளையும் ஒவ்வொரு சுவரிலும் வைத்துப் பாருங்கள். விரிப்புத் துணியும் பக்கத்தில் இருக்கட்டும்.

பெயிண்டின் ஃபினிஷில் மினுக்கமில்லாத மேட்டுக்கும் லேசாக மினுங்கும் சாட்டினுக்கும்தான் சண்டை. மேட் வெளிச்சத்தைச் சிதறடித்துவிடுவதால் பட்டியின் மேடுபள்ளம் தெரியாது. சாட்டினில் துடைப்பது சுலபம், ஆனால் சுவர் விளக்கின் வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தால் ஒவ்வொரு அலையும் எழுந்து நிற்கும். ஆழ்ந்த நிற மேட்டில் ஒரு தொல்லை உண்டு. அழுத்தித் துடைத்த இடம் பளபளப்பாகிவிடும், அதை அழிக்க முடியாது. நான்கு சுவருக்கும் மேட், கட்டிலுக்குப் பின்னால் தலை படும் இடத்தைத் தலைமாட்டுப் பலகை மறைத்துக்கொள்ளட்டும்.

அளவுக் கணக்கு: 3.5 மீட்டருக்கு 4 மீட்டர் அறை, உயரம் 2.9 என்றால் சுற்றளவு 15 மீட்டர், சுவர்ப்பரப்பு 43.5 சதுர மீட்டர். கதவு, ஜன்னலுக்கு 5 கழித்தால் 38.5. இரண்டு கோட்டுக்கு 77. ஒரு லிட்டர் சுமார் 10 சதுர மீட்டர் பிடிக்கும், ஆக 8 லிட்டர். ஆழ்ந்த நிறத்துக்கு மூன்றாம் கோட் தேவைப்படலாம், அதைத் தவிர்க்க சாம்பல் சாயமிட்ட பிரைமர் போடச் சொல்லுங்கள். வாங்கிய டப்பாக்களை ஒரே வாளியில் கொட்டிக் கலந்த பிறகே தொடங்க வேண்டும். ஒரே எண்ணுள்ள டப்பாக்களிலும் இழையளவு வித்தியாசம் இருக்கும், அது சுவரின் நடுவில் கோடாகக் காட்டிக்கொடுத்துவிடும். கூரையைப் பளீர் வெள்ளையாக விட்டால் ஆழ்ந்த சுவர் அங்கே கத்தியால் வெட்டியது போல நிற்கும். அதே நிறத்தில் கால் பங்கு சாயம் மட்டும் சேர்த்துக் கூரைக்கு அடிப்பது மேல்.

துணித் தலைமாடா, மரத் தலைமாடா?

சாய்ந்து படிப்பவருக்குத் துணி. 5 முதல் 8 செ.மீ. பஞ்சுத் திண்டு, கழற்றித் துவைக்கும் உறை. கழற்ற முடியாததை வாங்கினால் தலையின் எண்ணெய்ப் பசை ஒரு வருடத்தில் வட்டமாகத் தெரியும். படிக்கும் பழக்கம் இல்லாதவருக்கு மரம், வேறு யோசனையே வேண்டாம். பிரம்புப் பின்னல் படத்தில் அழகு, பின்னல் கண்ணுக்குள் தூசி.

விரிப்புக் கம்பளம் சின்னதாக இருந்தால் கட்டிலுக்கு முன்னால் தபால்தலை ஒட்டியது போல இருக்கும். 160 செ.மீ. அகலக் கட்டிலுக்குக் குறுக்கே 300 செ.மீ. அகலம் போட்டால் இரு பக்கமும் 70 செ.மீ. தெரியும். அவ்வளவு பெரிது வேண்டாமென்றால் இரு பக்கமும் ஒவ்வொரு நீளக் கம்பளம் போடலாம். நடுத்தரமாக ஒன்றை வாங்குவதுதான் வீண்.

ரோலர் பிளைண்டா, இரட்டைத் திரையா?

ரோலர் பிளைண்டு சுத்தமான கோடு, இடம் அடைக்காது. ஆனால் துணி உருளையைவிடச் சற்றுக் குறுகலாக இருப்பதால் இரு ஓரமும் ஓரிரண்டு செ.மீ. சந்து விழும், விடியற்காலை வெளிச்சம் அதன் வழியே கத்தியாக நுழையும். மெல்லிய திரை ஜன்னல் பக்கம், ஒளி மறைக்கும் உள்துணி தைத்த கனத்த திரை அறைப் பக்கம் என்று இரண்டு கம்பி போடுவதுதான் படுக்கையறைக்குச் சரி. கம்பி சுவரைத் தொட்டு வளையும்படி இருந்தால் ஓரத்துச் சந்தும் அடைபடும்.

கம்பியை ஜன்னல் சட்டத்துக்கு 15 செ.மீ. மேலே, இரு பக்கமும் 20 செ.மீ. வெளியே அடியுங்கள். 150 செ.மீ. ஜன்னலுக்குக் கம்பி 190 செ.மீ. கனத்த திரைக்கு அதைப்போல இரு மடங்கு, 380 செ.மீ. துணி. துணியின் அகலம் 140 என்றால் மூன்று பாகம். மெல்லிய திரைக்கு இரண்டரை மடங்கு. இதைக் குறைத்தால் மூடியபோது மடிப்பே இல்லாமல் போர்வை காயப்போட்டது போலத் தொங்கும். நீளம் தரைக்கு 1 செ.மீ. மேலே நிற்க வேண்டும். பருத்தியும் லினனும் முதல் சலவையில் 3 சதவீதம் சுருங்கினாலே 240 செ.மீ. திரை 7 செ.மீ. குட்டையாகிவிடும். தைக்கக் கொடுப்பதற்கு முன்பே துணியை நனைத்துக் காயவையுங்கள். உள்துணியைத் தனியாகக் கொக்கியில் மாட்டும்படி தைக்கச் சொல்லுங்கள். இரண்டும் ஒரே அளவில் சுருங்காது, சேர்த்துத் தைத்தால் அடிமடிப்பு சுருட்டிக்கொண்டு நிற்கும்.