ஹாரோவில் ஹீட்டிங் தண்ணீரை வடித்து, திரும்ப நிரப்பித் தந்தவர்: எங்கள் அனுபவம்

சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் இருந்த சுவரை இடித்தோம். அதில் மாட்டியிருந்த ரேடியேட்டரை (பாய்லரின் சூடான தண்ணீர் ஓடி அறையைச் சூடாக்கும் இரும்புப் பலகை) எதிர்ச் சுவருக்குக் கொண்டுபோக வேண்டும். லண்டன் ஹாரோவில் 1930களில் கட்டிய வீடு, ஒன்பது ரேடியேட்டர், ஹீட்டிங்குக்கும் குழாய்ச் சுடுதண்ணீருக்கும் ஒன்றாக இருக்கும் காம்பி பாய்லர். ரேடியேட்டரை மட்டும் கழற்றுவதென்றால் இரண்டு பக்க வால்வையும் மூடினால் போதும், குழாயையே வெட்டி நீட்ட வேண்டுமென்றால் பொதுவாக உள்ளே இருக்கும் தண்ணீரை வடித்தாக வேண்டும்.

முதலில் இதைக் கட்டட வேலைக்கு வந்தவரே செய்கிறேன் என்றார். வாசல் பக்கம் இருந்த வடிகுழாயைத் திறந்தார், தண்ணீர் நின்றது, காலி என்று சொல்லிவிட்டுச் சமையலறைக் குழாயில் கட்டரை வைத்தார். கறுப்புத் தண்ணீர் புதுப் பிளாஸ்டரில் பீய்ச்சி அடித்தது. வெட்டிய முனைகளில் மூடியைச் செருகிவிட்டுப் போனவர்தான்.

அப்புறம் நண்பர் சொல்லி ஒரு யாழ்ப்பாணத்து அண்ணாவைக் கூப்பிட்டோம். கேஸ் வேலைக்குப் பதிவு பெற்றவர் என்று காட்டும் கேஸ் சேஃப் அட்டையை வாசலிலேயே எடுத்துக் காட்டினார். வெறும் தண்ணீர் வடிக்க அது தேவையில்லை, ஆனால் பாய்லரின் கேஸ் பக்கம் கை வைக்க அது இல்லாமல் கூடாது, அதனால் எனக்கு நிம்மதியாக இருந்தது.

வந்தவர் ஸ்பேனரை எடுக்கவில்லை, கால் மணி நேரம் குழாய் எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டே நடந்தார். எங்கள் சமையலறைத் தரை கான்கிரீட், அதனால் அங்குள்ள குழாய்கள் மாடியிலிருந்து இறங்கி, மறுபடி மேலே ஏறுகின்றன. வாசல் பக்கம் வடித்தால் அந்த வளைவில் நிற்கும் தண்ணீர் வராது. அதற்கென்று தனி வடிகுழாய் இருக்க வேண்டுமென்று தேடி, சுவரோரம் பெயின்ட் பூசி மறைந்து கிடந்ததைச் சுரண்டி எடுத்தார். மாடி ரேடியேட்டர்களின் காற்றுத் திருகை யாரும் திறக்காததால் மேலேயும் தண்ணீர் தொங்கி நின்றிருக்கிறது. காற்று உள்ளே போனால்தானே தண்ணீர் வெளியே வரும்.

மின்சார சுவிட்சை அணைத்து, நிரப்பும் குழாயின் வால்வு மூடியிருக்கிறதா என்று பார்த்து, ஹோஸை இறுக்கிக் கட்டி, மறுமுனையைச் சமையலறைக் கழிவுநீர் போகும் குழியில் விட்டார். மழைநீர் வடிகாலில் இதை விடக்கூடாதாம். பிறகு மாடியில் ஒவ்வொரு திருகாகத் திறக்க, உஸ்ஸென்று காற்று இழுக்கும் சத்தம், கீழே ஹோஸில் டிகாக்ஷன் போலக் கறுப்புத் தண்ணீர். ஒரு வெள்ளைக் கோப்பையில் பிடித்து, வெளியே ஒரு காந்தத்தை ஒட்டிப் பிடித்தார். கறுப்புத் தூள் அப்படியே அந்தப் பக்கம் நகர்ந்து ஒட்டிக்கொண்டது! ரேடியேட்டரின் இரும்பே உள்ளே அரித்துத் தூளாகியிருக்கிறது. “தண்ணிய வெளியில விடுறது பெரிய வேலையில்லை தம்பி, திருப்பி நிரப்பேக்கதான் பிழை விடுறவை” என்றார். தெளிந்த தண்ணீர் வரும்வரை அலசிவிட்டு, வடிகுழாய்களில் இறுகிப்போன பழைய ரப்பர் வாஷரை மாற்றினார். இதை மாற்றாவிட்டால் மூடிய பிறகும் சொட்டிக்கொண்டே இருக்குமாம்.

குழாய் வேலை முடிந்து நான்கு நாள் கழித்து மறுபடி வந்தார். குளியலறை டவல் ரேடியேட்டரின் மேல்மூடியைக் கழற்றி, புனல் வைத்து ஒரு லிட்டர் சென்டினல் எக்ஸ்100 ஊற்றினார். துருவைத் தடுக்கும் மருந்து இது, பழைய தண்ணீரோடு பழைய மருந்தும் போய்விடும் என்பதால் புதிதாக ஊற்றியே ஆக வேண்டும். அழுத்தத்தை 1.2 பாருக்கு ஏற்றி, கீழ் ரேடியேட்டரில் தொடங்கி மாடிவரை காற்றை எடுத்தார். எடுக்க எடுக்க அழுத்தம் இறங்கும், மறுபடி ஏற்ற வேண்டும். ஹீட்டிங்கைப் போட்டு, ஒன்பதையும் கையால் தொட்டுப் பார்த்த பிறகுதான் கிளம்பினார்.

குறை என்றால் முதல் நாள் இரண்டு மணி நேரம் தாமதம், போன் செய்து சொல்லவும் இல்லை. பில்லிலும் மொத்தத் தொகை மட்டும், எதற்கு எவ்வளவு என்று கேட்டுத்தான் வாங்கினேன். இரண்டு வருகை, மருந்து, வாஷர் எல்லாம் சேர்த்து 220 பவுண்ட். என்னைக் கேட்டால் கொடுக்கலாம்.

மூன்று வாரமாகிறது. வடிகுழாய்க்கு அடியில் நான் வைத்த டிஷ்யூ பேப்பர் காய்ந்தே இருக்கிறது, ஹீட்டிங் ஆறியிருக்கும்போது அழுத்தம் காட்டும் முள்ளும் 1.2ஐ விட்டு இறங்கவில்லை.